நான் சொன்ன வியாழக்கிழமை

தாம்பரம் கிழக்கு,
ஆடி 27, செவ்வாய்க்கிழமை.

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் தம்பி ஏழுமலைக்கு,

நீ இறந்து ஓராண்டு நிறைய இன்னும் பதினாறு நாள்கள் இருக்கின்றன. ஆங்கிலத் தேதிப்படி சொல்கிறேன். திதிப்படி கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழில் உன் படத்தைப் போட்டு நான்கு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான்கு வரியில் அடங்காது என்றேன். “அடங்குற வரைக்கும் எழுதுங்க சார்” என்றார்கள். உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் மனைவி வசந்தாவுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று பதினொரு மாதங்களாக என்னிடம் இருந்தது. சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால், அந்த ஆறுதல் நான் செய்த பிழையின் மேல் நிற்கிறது என்பதை அறிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ இருந்திருந்தால் இதில் சொல்வதற்கே ஒன்றும் இருந்திராது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது என் பொறுப்பு. நான் எழுதிய தேதி ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. இதை நான் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

நீ முப்பத்தோர் ஆண்டுகள் லாரி ஓட்டினாய். இங்கிருந்து மோட்டார் பாகங்களை ஏற்றிக்கொண்டு குஜராத்துக்குப் போவாய். அங்கிருந்து தரைக்குப் பதிக்கும் டைல்ஸை ஏற்றிக்கொண்டு திரும்புவாய். போக ஐந்து நாள், லோடுக்குக் காத்திருக்க இரண்டு மூன்று நாள்கள், வர ஐந்து நாள். வந்து மாடம்பாக்கம் வீட்டில் இரண்டு நாள் தூங்குவாய். பிறகு மறுபடியும் போய்விடுவாய்.

உங்கள் தொழிலில் வீட்டார் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு என்பதை நான் வெகுகாலம் புரிந்துகொள்ளவில்லை. எப்போது வருவாய் என்பதே அது. வசந்தா உன்னிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. “எங்க இருக்கீங்க?” என்று மட்டும் கேட்பாள். நீ கோலாப்பூர் என்பாய், ஹூப்ளி என்பாய். மீதியை அவளே மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்வாள்; யாரிடமும் சொல்லமாட்டாள். தேதி கேட்டவன் நான் ஒருவன்தான்.

“எத்தனையாம் தேதி வருவாய் என்று தெளிவாகச் சொல்.”

“வண்டி வர்றப்ப வரும்ணா.”

“அது ஒரு பதிலா?”

“தேதி சொல்லிட்டா அப்புறம் கண்ணு ரோட்டு மேல நிக்காதுண்ணா. ஆபீஸ்ல ஒக்காந்து எழுதறவங்களுக்குத் தேதி நின்னுகினு இருக்கும். எங்களுக்கு அது முன்னாடி ஓடிகினே இருக்கும்.”

“ஓடிக்கொண்டே என்று சொல்.”

“ஓடிகினேன்னு சொன்னாத்தான்ணா ஓடும்.”

அன்று நான் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதும் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிக்கத் தக்க பதில்தான் அது என்பது தெரிகிறது.

உன் வேலையை நான் அருகிலிருந்து பார்த்தது ஒரே ஒரு முறை. மூன்றாண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கீழ்க்கட்டளையில் ஒரு டைல்ஸ் கிடங்கின் வாசலில் உன் வண்டி நின்றது. ஒரு விண்ணப்பத்தில் உன் கையெழுத்து வேண்டியிருந்ததால் நானே பேருந்தில் வந்தேன். நீ என்னை நாற்பது நிமிடம் காக்க வைத்தாய். கிடங்குக்காரரோடு நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணி இறக்கினாய். மூலை நசுங்கிய பெட்டி ஒன்றை நீயே பிரித்து, உள்ளே உடையவில்லை என்று காட்டினாய். இறக்கி முடித்ததும் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டினாய். தட்டும்போது காற்று குறைந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாய். தார்ப்பாயை மடித்துக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தாய்.

“உன்னுடைய பொருளா இது, இவ்வளவு பார்க்கிறாய்?” என்று கேட்டேன்.

“சரக்கு கம்பெனியோடது. வண்டி ஓனரோடது. ரோடு கவர்மெண்டோடது. பிரேக்கு மட்டும்தாண்ணா என்னோடது” என்றாய். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். போட்ட இடம் தவறு. நான் கடிந்துகொண்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நம் அப்பாவின் திதி ஆவணி மாதத் தேய்பிறைத் துவாதசி. ஆண்டுதோறும் உன் வீட்டில்தான் கொடுப்போம்; கூடம் பெரியது என்பது காரணம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நீ வரவில்லை. ஒருமுறை குஜராத்தில் லோடுக்குக் காத்திருந்தாய். ஒருமுறை மழையில் சாலை அறுந்து புனேவுக்கு அப்பால் நின்றாய். ஒருமுறை காரணமே சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை, நீ புறப்படுவதற்கு முந்தின நாள், தொலைபேசியில் உன்னிடம் பேசினேன். அந்தப் பேச்சை நான் மாற்றாமல் எழுதுகிறேன்.

“இந்த ஆண்டும் வராவிட்டால், அப்பாவுக்கு ஒரே மகன் என்று ஐயரிடம் சொல்லிவிடுகிறேன்.”

உனக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

“என்னைக்குண்ணா?”

“ஆவணி 13, வியாழக்கிழமை. காலை பத்து மணி.”

“சரி. வியாழக்கிழமை பத்து மணி. வந்துடறேன்.”

எனக்கு நினைவு தெரிந்து நீ கொடுத்த ஒரே தேதி அதுதான். நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

இனி என் பிழை. பஞ்சாங்கம் இரண்டு வகை: வாக்கியம், திருக்கணிதம். இரண்டிலும் திதியைக் கணிக்கும் முறை வேறு. சில சமயம் ஒரே திதி ஒன்றில் இன்றைக்கும் மற்றதில் நாளைக்கும் விழும். நம் குடும்பம் அப்பா காலத்திலிருந்து வாக்கியம். சென்ற ஆண்டு சித்திரையில் தாம்பரம் மார்க்கெட்டில் நான் வாங்கப் போனபோது வாக்கியம் விற்றுத் தீர்ந்திருந்தது. கடைக்காரர் திருக்கணிதத்தை எடுத்துக் கொடுத்து, “ரெண்டும் ஒண்ணுதான் சார், அட்டைதான் வேற” என்றார். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கு நான் நின்று விளக்கினேன். ஐந்து நிமிடமாவது விளக்கியிருப்பேன். விளக்கிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். நம்முடையதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். வாங்கவில்லை. ஆவணித் திதியைக் குறிக்கும்போது கையில் இருந்ததைப் பார்த்தேன்.

ஐயரிடம் நான் தேதியைக் கேட்கவில்லை. வழக்கம்போல் அப்பா திதிக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவரும் என்னைக் கேட்கவில்லை. இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை எதற்காகக் கேட்பது?

புதன்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு உன்னோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டும் பாஷா என்னை அழைத்தான். பர்கூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையில், மாரடைப்பு என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றான். நான் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவன் சொன்னான். அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு மாடம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சிவப்பு விளக்கின் நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, உன் உடல் இன்னும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து சேராத நிலையில், ஐயரை அழைத்தேன். இன்று திதி கொடுக்க இயலாது, வீட்டில் துக்கம் என்றேன். அவர் விசாரித்தார், வருந்தினார். பிறகு சொன்னார்:

“ஆனா அப்பா திதி இன்னிக்கு இல்லையே சார். நாளைக்குன்னா நான் குறிச்சு வெச்சிண்டிருக்கேன். நீங்க எந்தப் பஞ்சாங்கம் பார்த்தேள்?”

நான் இணைப்பைத் துண்டித்தேன். அப்போது எனக்கு அது ஒரு பிழை மட்டுமே. ஒரு நாள் தவறு. அதனால் என்ன நேர்ந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாஷா வந்தான். உன் வீட்டுக் கூடத்தில் வசந்தாவின் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். நான் நாற்காலியில் இருந்தேன்.

“புதன்கிழமை காலைல சித்ரதுர்கா தாண்டசொல்ல டீ குடிச்சோம் அண்ணி. அப்பவே நெஞ்சத் தடவிகினு இருந்தாரு. நான்தான் இஸ்துகினு போனேன் ஆஸ்பத்திரிக்கு. ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தாங்க. டாக்டரு சொன்னாரு, இன்னிக்கு ஒரு நாள் இங்க படு, நாளைக்குக் காலைல இன்னொரு படம் எடுத்துப் பாத்துட்டு அனுப்பறேன்னு. இவரு சட்டைய மாட்டிகினு எய்ந்துட்டாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலியா?” என்று வசந்தா கேட்டாள்.

“சொல்லாம இருப்பனா? லோடு ஒரு நாள் லேட்டா போனா ஒண்ணியும் ஆவாது நைனான்னேன். லோடுக்கு இல்லடா, அண்ணன் தேதி குடுத்துட்டாரு, வியாழக்கிழமை பத்து மணி, அப்பா திதின்னாரு. பெங்களூரு வரிக்கும் நான்தான் ஓட்டினேன். ஓசூர்ல அவரு எடுத்தாரு. நல்லாத்தான்டா கீது, நீ தூங்குன்னாரு. நானும் தூங்கிட்டேன் அண்ணி.”

அதன்பின் அவன் பேச்சு மெதுவாகிவிட்டது.

“வண்டி நின்னதும் முழிச்சுகினேன். லெஃப்ட்ல ஓரங்கட்டி நிக்குது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்காரு. நாலு லைட்டும் விட்டு விட்டு எரியுது. பேப்பருங்க எல்லாம் பைல்ல போட்டு சீட்டு மேல வெச்சிருக்காரு. எறங்கிப் போய்ப் பாத்தா பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வெச்சிருக்காரு. அங்க லேசா சரிவு அண்ணி. கல்லு வெச்ச அப்புறந்தான் கீழ ஒக்காந்திருக்காரு.”

நெஞ்சு வலிக்கும்போது கல் தேடிப் போனாயா, ஏழுமலை? எவ்வளவு தூரம் போனாய்? எந்தக் கையால் தூக்கினாய்?

ஆம்புலன்ஸில் ஏறுவதா, வண்டியோடு நிற்பதா என்று தெரியாமல் பாஷா தவித்தானாம். வழியில் போன ஆந்திர டிரைவர்கள் இருவர் தங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, நீ போ, நாங்கள் நிற்கிறோம் என்றார்களாம். மறுநாள் வேறு டிரைவர் வரும்வரை நின்றிருக்கிறார்கள். உன் லோடு வெள்ளிக்கிழமை பகல் கீழ்க்கட்டளையில் இறங்கியது. ஒரு பெட்டிகூட உடையவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம்.

அந்தக் கூடத்தில் நாற்காலியில் இருந்தபடியே நான் கணக்குப் போட்டேன். கடினமான கணக்கன்று. டாக்டர் சொன்னபடி நீ புதன்கிழமை படுத்திருந்து வியாழன் காலை புறப்பட்டிருந்தால், இடையில் ஓய்வெடுத்துக்கொண்டும் வெள்ளிக்கிழமை விடியலில் வந்து சேர்ந்திருப்பாய். அப்பாவின் திதி வெள்ளிக்கிழமை பத்து மணி. டாக்டர் கேட்ட ஒரு நாள் உன் கையில் இருந்தது. அது இல்லை என்று உனக்குச் சொன்னவன் நான்.

டாக்டர் சொன்னதை ஐயர் அறியமாட்டார். திதி வெள்ளிக்கிழமை என்பதைப் பாஷாவும் வசந்தாவும் அறியமாட்டார்கள். இரண்டு பாதியும் சேர்ந்து இருந்த இடம் நான் ஒருவன்தான்.

அன்று முதல் வசந்தா தனக்கென ஓர் ஆறுதலைக் கட்டிக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். “ஒரு நாள் தங்கியிருந்தா மாமனார் திதி தப்பியிருக்கும். அவரு மனசு ஒப்பாது. மூணு வருஷம் தப்பிப் போச்சேன்னு குறைப்பட்டுக்கிட்டிருந்தாரு. கடமைக்குன்னு வரும்போதுதானே உசுரு போச்சு.” கேட்டவர்கள் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன்.

இந்த ஓராண்டு எப்படிப் போயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் மாடம்பாக்கம் போனேன். மழைநீர்க் கால்வாய்க்காக உங்கள் தெருவைத் தோண்டினார்கள்; ஐந்து மாதம் கழித்து மூடினார்கள். பாஷா இப்போது வேறு வண்டியில் நாக்பூர் வரை போகிறான். வசந்தா காலையில் கோயிலுக்குப் போய்வந்து, வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். அவள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் ஒன்று இருப்பது தெரியும், கிள்ளினால் வலிக்காது அல்லவா? அப்படித்தான் இருந்தேன். ஒருமுறைகூட அழவில்லை. அழாததைக் குறித்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, ஆடி 25, காலை பத்தரைக்கு வசந்தாவே என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, முதல் வருஷம் வருது. அவரோட திதியும் மாமனார் திதியும் அடுத்தடுத்து வரும்னு சொல்றாங்க. ரெண்டும் என்னைக்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா தப்பு இருக்காது.”

நான் பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை.

“தப்பு இருந்தது அம்மா” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கெட், கடைக்காரர், பஞ்சாங்கம், ஐயர் பேசியது. அப்பாவுக்கு ஒரே மகன் என்று சொல்லிவிடுவதாக உன்னை மிரட்டியதையும் சொன்னேன். வரிசை மாறாமல் சொன்னேன். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த வெற்றுக் காகிதம் பறக்கப் பார்த்தது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமையா?” என்றாள்.

“ஆமாம்.”

“அப்போ அவரு படுத்திருக்கலாம்.”

“படுத்திருக்கலாம்.”

“ஒரு வருஷமா உங்களுக்குத் தெரியுமா?”

“பதினாறாம் நாள் முதல் தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தீங்களே மாமா.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்மேல் தவறில்லை என்று அவள் சொல்வதைக் காட்டிலும் அது எளிதாக இருந்திருக்கும். அவள் இரண்டையும் செய்யவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஐயரு நம்பர் சொல்லுங்க. நானே கேட்டுக்கறேன்.”

சொன்னேன். எழுதிக்கொண்டாள். எழுதியதை எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டி, ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ரெண்டு நாளும் வந்துடுங்க மாமா. என்னைக்குன்னு நான் சொல்றேன்.”

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அவளிடம் சொன்னது சரிதானா? அவளுக்காகச் சொன்னேனா, என் ஆற்றாமையால் சொன்னேனா? உன் மனைவியை என்னைவிட நீ நன்கு அறிந்தவன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் குரல் நினைவுக்கு வருகிறது; சொல் வரவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. வசந்தா இன்னும் அழைக்கவில்லை.

ஏழுமலை, உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எந்த நாளைச் சொல்கிறாளோ அந்த நாளில், அவள் சொல்லும் நேரத்துக்கு முன்பாகவே மாடம்பாக்கத்தில் வந்து நிற்பேன். இந்த ஆண்டுக்கான பஞ்சாங்கம் என் மேசைமேல் இருக்கிறது. வாக்கியம்தான். அவள் சொன்ன நாள் சரிதானா என்று அதைத் திறந்து பார்க்கமாட்டேன்.

உனக்குத் தேதி சொன்ன
உன் அண்ணன்,
அருணாசலம்.